ரசமட்டம்

ஐப்பசி பிறந்து ஒன்பதாம் நாள்
கிளிநொச்சிப் பெருந்தெருவில் கல் பதித்து முடிந்தது.
சிவப்பும் சாம்பலும், மீன்முள் அடுக்கு.
குளக்கட்டில் நடக்கிறவர்களுக்குத்
தூரம் எழுதிய பலகைகள்:
ஐந்நூறு மீற்றர், ஆயிரம்.
சீனி வருத்தத்துக்கு நல்லதாம்.

நான் அதால்தான் சைக்கிள் உருட்டிப் போவேன்.
கையில் டோர்ச், நீளப் பிடி வைத்த அகப்பை,
ஒரு கட்டுச் சிவப்பு நோட்டீஸ்.
நுளம்பு பார்க்கிற பெட்டை என்பார்கள்.
நாட்சம்பளம்.

கடைகளுக்குப் பின்னால் புது வடிகான்.
கொங்கிறீற்றில் கட்டி மூடி போட்டது.
வங்கி, மருந்துக்கடை, கலியாண மண்டபம்
எல்லாவற்றின் தண்ணியையும் மரியாதையாய் வாங்கி
எழுநூறு மீற்றர் ஓடி
எங்கள் வாய்க்கால் குடியிருப்பின் தலைமாட்டில்
வாயைத் திறந்தபடி நிற்கிறது.
அதற்கு மேல் காசு வரவில்லையாம்.

எழுபத்தேழில் மலையிலிருந்து வந்து இறங்கிய சனம்.
இந்தப் பற்றையை வெட்டியது அவர்கள்.
காணிக்குப் பேர்மிட் இல்லை.
பேர்மிட் இல்லாததால் கல்வீடு இல்லை,
மலசலகூடக் காசு இல்லை, குழாய் இல்லை,
ஆகவே வாளி, பரல், குடம், உடைந்த தாச்சி
எல்லாவற்றிலும் பிடித்து வைத்த தண்ணி.
நோட்டீஸுக்கு மட்டும்
காணி இலக்கம் தேவையில்லை.

புவனேஸின் மூத்தவன் இந்த வருடம் இரண்டாம் தரம் வாட்டில்.
மருந்துக்குக் காசில்லைத்தான்.
ஓட்டோவுக்குக் கோழிகளை விற்றாள்,
பிறகு கூட்டையும்.
அவளுக்கும் எழுதினேன்.
பரலில் குடம்பி இருந்தது, நான் என்ன செய்ய.

வடிகானுக்கு மட்டம் பிடித்தது மருதவீரன் அண்ணன்.
அறுபத்து நாலாம் வீடு.
மகள் காய்ச்சலில் விழுந்த அன்று
வேலைத்தளத்திலிருந்தே ஓடி வந்தவர்
சீமெந்துக் கையோடு வாட்டில் நின்றார்.
துண்டில் முப்பத்தெட்டாயிரம் என்று எழுதியிருந்தது.
அது கூடவா குறையவா என்று என்னைக் கேட்டார்.
நான் மற்றப் பக்கம் பார்த்தேன்.

பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துக்
கட்டில் சட்டத்தில் வைத்தார்.
குமிழி நடுவில் வந்து நின்றது.
"கட்டில் நேராத்தான் கிடக்கு."

"வடிகான், அண்ணன்?"
"அதுவும் சரிதான் தங்கச்சி.
பத்தடிக்கு ஒரு அங்குலம்.
படத்தில இருந்தபடி."
"படத்தில நாங்கள் இருந்தமோ?"
"பச்சையாப் புள்ளி போட்டிருந்தது.
பற்றைக்காடு எண்டு எழுதி."
கொஞ்சம் பொறுத்து,
"சரிவு சரியோ எண்டுதான் கேட்டவை.
சரி எண்டன்.
வேற ஒண்டும் கேக்கேல்ல."

அடுத்த கிழமை அவர் வீட்டுக்குப் போனேன்.
பூட்டியிருந்தது.
தண்ணித்தொட்டி கவிழ்த்தபடி, வாளிகளும்.
துணி கட்டிய குடம் ஒன்று.
எழுத ஒன்றுமில்லை.
ஆனாலும் படியடி முழுக்க
ஊரின் தண்ணி கறுப்பாய் நின்றது,
அதில் கலியாண வீட்டுப் பூவிதழ் இரண்டு.

நான் வடிகானின் வாய்க்கு நடந்தேன்.
முதல் அகப்பையிலேயே முப்பத்தொன்று.
எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

நோட்டீஸ் புத்தகத்தைத் திறந்தேன்.
முகவரி: பெருந்தெருப் புது வடிகான், கடைசி முனை.
வீட்டுத் தலைவர்: பிரதேச சபை.
கண்டது: குடம்பி.
துப்புரவாக்கத் தவணை: மூன்று நாள்.
வசிப்பவர் எண்ணிக்கை என்ற கோட்டில்
பேனை நின்றுவிட்டது.
நூற்றுப் பதினாறு வீட்டுச் சனத்தையும் போடுவதா,
இல்லை ஒருவருமில்லை என்பதா?

வெறுமையாக விட்டுக் கையெழுத்து வைத்தேன்.
மத்தியானச் சோற்றில் நாலு பருக்கை நசுக்கிக்
கொங்கிறீற்றில் ஒட்டினேன்.
நாளைக்கு வேலை இருக்குமோ தெரியாது.

தூறல் விழுந்தது.
மேலே ஊருக்குள் விளக்குக் கம்பங்கள் எரிந்தன,
மூடிக்குக் கீழே தண்ணி
வழி தவறாமல் இறங்கி வந்தது,
பத்தடிக்கு ஒரு அங்குலம்.